கண்டி ஓடையும் தொடுவாய்த் தொட்டியும்

கண்டியைப் பற்றி எழுதப் புகுந்தோர் எவரும் தலதா மாளிகையையும், அதன் முன்னே விரிந்து கிடக்கும் வாவியையும், பெரஹரா ஊர்வலத்தையும் எழுதாமல் விட்டதில்லை. அவையெல்லாம் எழுதத் தக்கவையே. 1807ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பித்த அவ்வாவிக் கரையில் மாலை வேளையில் உலவும் தமிழர்க்கு, அம்மன்னன் நாடிழந்து, 1832இல் வேலூரில் சிறைவாசத்திலேயே உயிர் நீத்தான் என்ற நினைவு வந்து நெஞ்சைத் தொடாமற் போகாது. ஆயினும் இம்முறை நாம் சொல்ல வந்தது மன்னர் கதையன்று, மாளிகைக் கதையுமன்று. கண்டியைச் சூழ்ந்த மலைகளின் ஓடைகளில், ஒரு கல்லைப் புரட்டினால் கண்ணிற்படும் ஓர் எளிய பிராணியின் கதை. அது நண்டு.

"கடலே இல்லாத ஊரில் நண்டு ஏது?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நம்முடன் வந்த பிள்ளைகளும் அவ்வாறே கேட்டனர். கொழும்பிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி, கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், மலைகளின் மடியில் அமர்ந்திருக்கும் நகரம் கண்டி. 1867இல் இவ்வூரை எட்டிய இருப்புப்பாதையின் வழியே நாம் சென்றோம். றம்புக்கனையைத் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு புறம் மலைச்சுவர். மறுபுறம், கீழே நெல்வயல்கள் பாய் விரித்தாற்போல் கிடந்தன. ஜன்னலண்டை இடம் பிடிப்பதற்காகப் பிள்ளைகள் நடத்திய போரை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

கண்டிச் சந்தையில் முதலில் நாம் கண்டது கடல் நண்டையே. தடித்த கொடுக்குகள் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டு, ஈரச் சாக்கின்மேல் அடுக்கடுக்காகக் கிடந்தன, களப்புகளிலிருந்து வந்த சேற்று நண்டுகள். கட்டுண்டு கிடந்தபோதிலும் கண்களை மட்டும் உயர்த்தி, அருகே வருவோரை ஒவ்வொருவராகப் பார்த்தன. நம் இளைய மகன் அவற்றுக்கு அஞ்சித் தாயின் பின்னே ஒளிந்துகொண்டான். மூத்தவன் கிரிக்கெட் பித்தன். கொழும்பில் பழைய டச்சு வைத்தியசாலைக் கட்டடத்திலே 2011இல் திறக்கப்பெற்ற புகழ் வாய்ந்த நண்டு உணவகத்தைப் பற்றி அவன் ஒரு பிரசங்கமே செய்துவிட்டான். அவ்வுணவகத்தைத் தொடங்கிய மூவருள் மஹேல ஜயவர்த்தனவும் குமார் சங்கக்காரவும் இருவர். சங்கக்கார இதே கண்டியில் திரித்துவக் கல்லூரியில் பயின்றவர். ஆகவே கடலில்லாத கண்டிக்கும் நண்டுக்கும் உறவு உண்டு என்பது அவன் வாதம். சிங்கப்பூரில் மிளகாய் நண்டு உண்ண அமர்வோர் "இலங்கை நண்டு வேண்டும்" என்று கேட்டு வாங்குவதும் உலகறிந்த செய்தியே.

ஆனால் நாம் தேடி வந்த நண்டு கயிற்றால் கட்டுண்டு சந்தைக்கு வருவதன்று. அதைக் காண ஹந்தானை மலையடிக்குப் போக வேண்டியிருந்தது.

கண்டி நகருக்குத் தென்மேற்கே ஹந்தானை மலைத்தொடர் நிற்கிறது. அதன் ஒரு சரிவிலே தேயிலை; மறு சரிவின் அடியிலே பேராதனைப் பல்கலைக் கழகம். இலங்கைப் பல்கலைக் கழகம் கொழும்பிலிருந்து 1952இல் இங்கே குடிபெயர்ந்தபோது, இப்படியோர் இடத்தில் இருந்துகொண்டு மாணவர்கள் படிப்பார்களா, மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்களா என்று சிலர் ஐயுற்றிருக்கக்கூடும். இரண்டும் நடக்கின்றன என்றே நமக்குத் தோன்றியது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பல. அவை மகாவலி கங்கையிற் சேர்கின்றன. மகாவலியோ, பேராதனைப் பூந்தோட்டத்தை ஒரு வளையமிட்டுத் தழுவிக்கொண்டு, கண்டியைச் சுற்றித் திரும்பி, மொத்தம் 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைக் காண்கிறது.

முந்திய இரவு மழை பெய்திருந்தது. தேயிலைக் காட்டை விட்டுச் சிறிது மேலே, மரநிழல் அடர்ந்த ஓரிடத்தில், முழங்காலளவு நீரோடும் ஓடை ஒன்று. அவ்விடத்தை நமக்குக் காட்டியவன் அருகிலிருந்த தோட்டத்துச் சிறுவன். வயது பன்னிரண்டிருக்கும். நீரில் இறங்கி, பலாப்பழமளவு கல்லொன்றை இரு கைகளாலும் மெல்லச் சாய்த்தான். கலங்கிய நீர் தெளிந்ததும், செம்பழுப்பு நிறத்தில் நண்டு ஒன்று கொடுக்கை உயர்த்திக்கொண்டு பின்வாங்கிற்று. முதுகோட்டின் அகலம் நான்கு விரற்கடைக்கு உள்ளேதான் இருக்கும். சந்தையில் கண்ட பூதங்களுக்கு முன்னே இது ஒரு குழந்தை. நாம் கையை நீட்டினோம்.

"ஐயா, மெதுவா புடிங்க. இது தாய் நண்டு. வயித்துல குட்டி வச்சிருக்கு."

அவன் அதைப் பின்புறமாகப் பிடித்து மல்லாத்திக் காட்டினான். நண்டின் அடிவயிற்றிலே மடித்து ஒட்டிக்கொண்டிருக்கும் மடலொன்று உண்டு. ஆண் நண்டுக்கு அது குறுகலாய் இருக்கும்; பெண் நண்டுக்கு அகன்று வட்டமாய் இருக்கும். மாணவர்கள் அடுத்த முறை வீட்டில் நண்டு வாங்கும்போது இதைக் கவனித்தால் ஆண் பெண் வேறுபாட்டை எளிதில் அறியலாம். அம்மடல் சற்றே விலகியிருந்தது. உள்ளே, மயிரடர்ந்த சிறு கால்களைப் பற்றிக்கொண்டு, மிளகிலும் சிறிய நண்டுக் குஞ்சுகள் நெருங்கியிருந்தன. அவை குடம்பிகளல்ல, புழுக்களுமல்ல. எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, முதுகோடு, உயர்ந்த கண் என எல்லாம் அமைந்த முழு நண்டுகள், தாயின் உருவைச் சிறுத்து வார்த்தாற்போல! ஒன்று மடலின் விளிம்பு வரை ஊர்ந்து வந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே புகுந்துகொண்டது. நம் இளைய மகனுக்கு அச்சம் எங்கோ போய்விட்டது.

நாம் இதை இத்துணை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு வயல் நண்டும் இம்மலை நண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் முன்னோர் வயல் நண்டை நன்கு அறிந்திருந்தனர்; அலவன் என்றும் கள்வன் என்றும் பெயரிட்டழைத்தனர். ஐங்குறுநூற்றிலே நண்டுக்கெனவே 'கள்வன் பத்து' என ஒரு பகுதி அமைந்திருக்கிறது. எனினும், குஞ்சுகள் பிறக்கும்போதே தாய் நண்டு இறந்துபடும் என்றொரு நம்பிக்கை அக்காலத்தில் இருந்தமை அப்பகுதியால் தெரிகிறது. வயிற்றோடு நெருங்கிக் கிடக்கும் குஞ்சுகளைக் கண்டவர்கள், அவை தாயின் வயிற்றைப் பிளந்து வந்தன என்று எண்ணியிருத்தல் கூடும். உண்மை நேர்மாறானது. முட்டைகளைத் தாய் தன் மடலுக்குள் ஒட்டவைத்துச் சுமக்கிறது; அவை பொரிந்த பின்னரும் குஞ்சுகளை உதறிவிடாமல் பல நாள் வைத்துக் காக்கிறது. அவை தாமே இரை தேடத் தக்க நிலை எய்திய பிறகே கல்லிடுக்கில் இறங்கிப் பிரிகின்றன. இம்முட்டைகள் அளவிற் பெரியவை. உள்ளே மஞ்சட்கரு நிறைந்தவை. ஒரு தாய்க்கு நூறோ இருநூறோ, எப்படியும் சில நூறுகளுக்குள் அடங்கும்.

சந்தையில் கட்டுண்டு கிடந்த கடல் நண்டின் இல்லறம் வேறு வகை.

சேற்று நண்டு வாழ்வது களப்பிலும் கழிமுகத்திலும் கண்டற் காட்டுச் சேற்றிலும். பெண் நண்டு தோலுரித்து உடல் மென்மையாய் இருக்கும் வேளையிலே ஆணைக் கூடுகிறது. பின்னர் முட்டை சுமந்துகொண்டு கழியை விட்டு வெளியேறிக் கடலுக்குச் செல்கிறது. அது சுமக்கும் முட்டைகள் நூறல்ல, ஆயிரமல்ல. பத்து இலட்சக் கணக்கானவை! ஒவ்வொன்றும் கடுகிலும் சிறியது. பொரிந்து வருவதோ நண்டைப் போலவே இராது. தலையில் முள்ளும் பெரிய கண்களும் மெலிந்த வாலுமாகக் கடல்நீரில் மிதக்கும் துரும்பு அது. விஞ்ஞானிகள் அதனைச் சோயியா என்பர். ஐந்து முறை உருப்பெருக்கி, பிறகு கொடுக்கும் வாலும் ஒருங்கே உடைய மெகலோப்பா என்னும் நிலையடைந்து, அதன் பின்னரே அது நண்டாகிறது. இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். அந்த ஒரு மாதத்தில் மீனுக்கும், பிற உயிர்களுக்கும், தன் உடன்பிறந்தோர்க்கும் இரையாகாமல் தப்புவது எத்தனை? ஒரு களப்பில் நண்டுகளின் தொகை கூடாமலும் குறையாமலும் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு தாயும் தந்தையும் பெற்ற அத்தனை இலட்சத்திலும் கடைசியிற் பிழைத்துத் தாய் தந்தையரின் இடத்தை நிரப்புவன சராசரி இரண்டே என்றாகும். கணக்குப் படிக்கும் மாணவர்கள் இதைச் சிந்தித்துப் பார்க்கலாம்.

அந்த ஒரு மாதத்தையே மனிதன் தன் கையில் எடுத்துக்கொள்ள முயன்றிருக்கிறான். 1964ஆம் ஆண்டிலே மலேசியாவின் பினாங்கில் ஓங் என்னும் ஆராய்ச்சியாளர் சேற்று நண்டின் குடம்பிகளை ஆய்வுக்கூடத்தில் நண்டாகும் வரை வளர்த்து, அவற்றின் நிலைகளை விவரித்து எழுதினார். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் சிலவற்றைப் பிழைக்க வைப்பது வேறு. குடியானவன் தன் குளத்தில் விடுவதற்கு ஆயிரக் கணக்கில் குஞ்சு தருவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்கப் பல நாடுகளுக்குப் பல ஆண்டுகள் சென்றன. பிலிப்பைன்ஸ், வியட்நாம், சீனா முதலிய நாடுகள் இதில் உழைத்திருக்கின்றன.

நம்மவர் பெருமைப்படத் தக்க முயற்சியொன்று தமிழ்நாட்டிலே நடந்தது. சீர்காழிக்குக் கிழக்கே, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், கடலோரத்துச் சிற்றூர் தொடுவாய். இந்திய அரசின் கடற்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தைச் சேர்ந்த ராஜீவ் காந்தி நீருயிர் வளர்ப்பு மையம், 2013இல் அங்கே சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகத்தை அமைத்தது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் குஞ்சு என்பது அதன் நோக்கு. அம்மையத்தின் முறைக்கு இந்திய அரசின் காப்புரிமையும் கிடைத்தது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சேற்று நண்டில் நான்கு இனங்கள் உண்டென 1998இல் ஆராய்ச்சியாளர்கள் வரையறுத்தனர். அவற்றுள் ஒன்றின் விஞ்ஞானப் பெயரிலே தரங்கம்பாடியின் பெயர் இருக்கிறது! டேனிஷ்காரர் ஆண்ட நாளிலே அவ்வூர்க் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற நண்டைக் கண்டு, பப்ரிசியஸ் என்னும் அறிஞர் 1798இல் இட்ட பெயர் அது. அதே கரையில், தரங்கம்பாடிக்குச் சிறிது வடக்கேதான் தொடுவாய் இருக்கிறது.

பொரிப்பகத்தில் நடப்பதைக் கேட்டால், பிள்ளை வளர்த்த தாய்மார்களுக்கும் வியப்பே உண்டாகும். முதலில் களப்பிலிருந்து நல்ல பெண் நண்டுகளைத் தேர்ந்து கொணர்ந்து, நோயின்றி இருக்கின்றனவா எனத் தனியே வைத்துப் பார்க்கின்றனர். தொட்டியின் அடியில் மணல் பரப்ப வேண்டும். மணல் இல்லையேல் தாய் நண்டு தான் இடும் முட்டைகளை வயிற்று மடலுக்குள் சேர்த்து ஒட்டவைக்க இயலாது. முட்டையெல்லாம் சிதறி வீணாகும். முட்டையிடாமல் காலந்தாழ்த்தும் நண்டின் கண்காம்பு ஒன்றை நீக்கித் தூண்டுவதும் இத்தொழிலில் வழக்கமாயிருக்கிறது. வளர்ச்சியைத் தடுத்து வைக்கும் சுரப்பு அக்காம்பிலே இருப்பதால் இப்படிச் செய்கின்றனர். காரணம் விளங்குகிறது, ஆனாலும் கேட்கும்போது மனம் கூசவே செய்கிறது.

இட்ட முட்டைகள் முதலில் பொன்னிறமாய் இருக்கும். நாள் செல்லச் செல்லக் கருக்கும். அக்கருமை உள்ளிருக்கும் குஞ்சுகளின் கண். பத்துப் பன்னிரண்டு நாளில் தொட்டி நீர் முழுதும் உயிருள்ள தூசியாகிவிடும். வெளிச்சத்தை நோக்கி மேலெழுந்து வரும் வலியவற்றை மட்டும் முகந்தெடுத்து வேறு தொட்டியில் விடுகின்றனர். அடியில் தங்கியவை பிழையா. இனி உணவு. சோயியாவின் வாய்க்குள் புகத்தக்க இரை எத்துணைச் சிறிதாயிருக்க வேண்டும்! ரொட்டிபர் என்னும் நுண்ணுயிரைத் தருகின்றனர். அந்த ரொட்டிபருக்கு இரை வேண்டுமே. அதற்கெனப் பசும்பாசியை வளர்க்கின்றனர். ஆக, நண்டு வளர்க்கப் புகுந்தவன் முதலில் பாசிக் குடியானவனாகிறான். சில நாள் கழித்து ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பூச்சியின் குஞ்சு. அதன் முட்டைகள் உலர்ந்த தூளாகத் தகரங்களில் அடைபட்டு, அமெரிக்காவின் பெரிய உப்பேரி போன்ற இடங்களிலிருந்து வருகின்றன. கடல்நீரில் இட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் உயிர்த்தெழும். தண்ணீரின் உப்பும் உஷ்ணமும் ஒரே அளவில் நிற்க வேண்டும். இரவும் பகலும் காற்றுக் குமிழ் ஓட வேண்டும். ஒரு தொட்டியில் கிருமி புகுந்தால் ஒரே இரவில் அத்தனையும் அடியில் படிந்துவிடும்.

இவ்வளவும் கடந்து மெகலோப்பா ஆனதும் அடுத்த ஆபத்து. அதற்குக் கொடுக்கு முளைத்துவிட்டது; பக்கத்திலிருப்பதைப் பிடித்துத் தின்னத் தொடங்கும். ஒளிந்துகொள்ள வலைத் துண்டுகளையும் பிற மறைவுகளையும் நீரில் தொங்கவிட்டு, ஒன்றையொன்று காணாதபடி செய்கின்றனர். தோலுரிக்கும் வேளையில் உடல் மென்மையாகும். அப்போது உடன்பிறந்ததே பகை. பிறகு குளங்களில் வலைக்கூடுகள் கட்டிச் சில வாரம் வளர்த்து, விரற்கடை அளவு ஆனபின் வளர்ப்போர்க்குக் கொடுக்கின்றனர். நூறு சோயியாவில் மூன்று பிழைத்த நிலையை ஏழாக உயர்த்தியது தொடுவாயாரின் சாதனை என்று சொல்லப்படுகிறது. ஏழா என்று ஏளனமாக எண்ணலாகாது. கடலில் நிகழும் கணக்கை மேலே பார்த்தோமல்லவா?

இத்தனை பாடும் எதற்கு என்றால், களப்பிலே நண்டு குறைகிறது என்பதற்காக. ஆசிய நாடுகளில் பல இடங்களிலும் சேற்று நண்டு வளர்ப்பு என்பது, களப்பிலிருந்து சிறு நண்டுகளையும் மெலிந்த நண்டுகளையும் பிடித்துவந்து, அடைத்துவைத்துக் கொழுக்கச் செய்வதாகவே நெடுங்காலம் இருந்தது. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். கொழுக்கும் முன்பே வளையிலிருந்து பறித்துக்கொண்டால் களப்பில் எது எஞ்சும்? கண்டிச் சந்தையில் நாம் பார்த்த சாக்கு நண்டுகளும் களப்பு ஈன்றவையே. பெரிய நண்டுக்கு உலகெங்கும் விலை இருக்கும்வரை, தொடுவாய் போன்ற தொட்டிகள் எத்தனை பெருகுகின்றனவோ அத்தனை பாரம் களப்பின் மேலிருந்து இறங்கும்.

ஹந்தானை ஓடை நண்டுக்கு இவ்வழி இல்லை. இதை நன்கு உணர்ந்துகொள்ள வேண்டும். தொட்டிக்காரர் காத்துத் தருவது மிதந்து திரியும் அந்த ஒரு மாதத்தை. மலை நண்டுக்கோ அம்மாதமே கிடையாது. முட்டைக்குள்ளேயே அத்தனை நிலைகளும் கழிந்துவிடுகின்றன. மிச்சத்தைத் தாயின் மடல் பார்த்துக்கொள்கிறது. அதன் பொரிப்பகம் அதன் வயிற்றிலேயே இருக்கிறது. இலட்சங்களைக் கடலில் வீசிவிட்டு வந்த இனத்தின் வழித்தோன்றல்கள், கடலை விட்டு மலையேறி நன்னீரில் நிலைத்தபோது, சிலவற்றையே பெற்று அவற்றை மடியில் வைத்து வளர்க்கக் கற்றுக்கொண்டன.

இதனால் விளைந்த புதுமை ஒன்றுண்டு. மிதக்கும் குஞ்சு இல்லாமையால் மலை நண்டின் சந்ததி நீரோட்டத்தோடு தொலைவு செல்வதில்லை. ஓடை மகாவலியிற் சேர்ந்து, கொட்டியாரக் குடாவில் சேற்று நண்டுகள் வாழும் கழிமுகம் வரை போகிறது. ஓடையில் பிறந்த நண்டுக் குஞ்சோ தாயின் கல்லுக்குப் பக்கத்துக் கல்லிலே குடியேறுகிறது. ஒரு மலையின் நண்டு மறுமலையின் நண்டோடு கலவாமல் நெடுங்காலம் கழியவே, ஒவ்வொரு மலைப்பகுதியிலும் தனித்தனி இனங்கள் உருவாகிவிட்டன. சி. எச். பெர்னாண்டோ என்னும் இலங்கை அறிஞர் 1960இல் இந்நாட்டு நன்னீர் நண்டுகளைப் பற்றி எழுதியபோது, அறியப்பட்டிருந்த இனங்கள் சிலவே. பின்னர் வந்தோர் ஓடை ஓடையாகத் தேடினர். 2005இல் ஒரு மதிப்பீடு வெளியானபோது ஏறக்குறைய 50 இனங்கள் கணக்கில் வந்திருந்தன. ஒன்றிரண்டு நீங்க அத்தனையும் உலகில் வேறெங்கும் இல்லாதவை! சீலோன்தெல்பூசா என்று நாட்டின் பழம்பெயரையே தாங்கிய பேரினமும் அவற்றுள் உண்டு. மரப்பொந்தில் தேங்கிய நீரில் வாழும் நண்டும் உண்டு என்றபோது பிள்ளைகள் நம்ப மறுத்தனர்.

அதே மதிப்பீடு, இவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை அழியும் ஆபத்தில் இருப்பதாகவும் சொல்லிற்று. சில இனங்களுக்கு உலகத்தில் உள்ள வீடு ஒரே ஓர் ஓடை. அவ்வோடை கெட்டால் அவ்வினம் போயிற்று. களப்பில் நண்டு குறைந்தால் தொடுவாய்க் குஞ்சுகளைக் கொண்டுபோய் விடலாம். இதற்கு எங்கிருந்து கொண்டுவந்து விடுவது?

ஓடை எவ்வாறு கெடும் என்பதை அறியக் கண்டிச் சுற்றுப்புறமே நல்ல பாடசாலை. 1820களில் கம்பளைப் பக்கத்தில் பெருந்தோட்டமாகக் கோப்பி நடத் தொடங்கினர். அரை நூற்றாண்டுக்குள் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் பெருங்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியலாயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னதாகவே ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன இடத்தைத் தேயிலை நிரப்பியது. இவ்விரண்டு பயிருக்கும் காடு வெட்டியும், பாதை போட்டும், கொழுந்து பறித்தும் உழைத்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியே கால்நடையாக மலையேறிய நம் தமிழ் மக்கள். அவர்கள் வழியில் மாண்டது எத்தனை என்று எவரும் சரியாக எண்ணி வைக்கவில்லை. அவர்கள் வெட்டிய காட்டில் மடிந்த சிற்றுயிர்களை எண்ணுவார் யார்? நண்டு பிழைத்தது, காடு எஞ்சிய ஓடைக்கரைகளிலும், தேயிலைக்கு ஆகாத செங்குத்துச் சரிவுகளிலும். அங்கும் இன்று களைகொல்லியும் பூச்சிமருந்தும் மழைநீரோடு இறங்குகின்றன. தோலுரித்து மென்மையாய் நிற்கும் நண்டு நஞ்சுக்கு எளிதில் இரையாகும்.

மலைநாட்டுக்குப் பொரிப்பகம் புதிதன்று என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் தம் தூண்டில் விளையாட்டுக்காக டிரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொணர்ந்து, நுவரெலியாவில் பொரிக்க வைத்து, மலை ஓடைகளில் விட்டனர். அந்நிய மீனுக்கு அத்தனை உபசாரம்! அம்மீன் புகுந்த ஓடைகளில் உள்ளூர்ச் சிற்றுயிர்கள் என்னவாகும் என்று அந்நாளில் கவலைப்பட்டோர் அரியர்.

தோட்டத்துச் சிறுவனிடம், "இந்த நண்டை நீங்கள் சமைப்பதுண்டா?" என்று கேட்டோம்.

"சளி புடிச்சா அப்பாயி இடிச்சு ரசம் வச்சுக் குடுக்கும் ஐயா. குட்டி வச்சிருக்கிறத மட்டும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லும்."

அந்த மூதாட்டி எந்தப் பல்கலைக் கழகத்திலும் பயின்றவரல்லர். இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை: ஓடை நண்டை அரைவேக்காடாக உண்ணலாகாது. நுரையீரலைத் தாக்கும் ஒருவகைப் புழுவின் கரு நன்னீர் நண்டில் இருத்தல் கூடும். நன்கு கொதித்தால் அது மடியும். பச்சையாகப் பிழிந்து சாறு குடிக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அதை விட்டுவிட வேண்டும்.

கண்டிக்குச் செல்லும் மாணவர்கள் இந்நண்டைக் காண விரும்பினால், மலையேற வேண்டியதுமில்லை. தலதா மாளிகைக்குப் பின்புறம், சுமார் 104 ஹெக்டேர் பரப்பில், 1938இல் சரணாலயமாக்கப்பட்ட உடவத்தக் கலைக் காடு நகரத்தை ஒட்டியே இருக்கிறது. மழை விட்ட மறுநாள் காலையிற் செல்வது நன்று. சரணாலயத்தில் எதையும் தொடவோ எடுக்கவோ கூடாது. ஈரமான ஓடைக்கரை மண்ணில், விரல் நுழையும் அளவான வளைவாயின் முன்னே ஓசையின்றி அமர்ந்திருந்தால் நண்டு தானே வெளிவரும். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துச் செல்க. காட்டுக்கு வெளியே, பிறர் நிலத்து ஓடைகளில் உரியவர் இசைவோடு கல்லைப் புரட்டிப் பார்க்கும் பிள்ளைகள், அதை எந்தப் பள்ளத்திலிருந்து எடுத்தார்களோ அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழாக, மெதுவாக வைத்துவிட வேண்டும். கீழே தாய் நண்டு இருக்குமாயின் முதலில் அதை ஒரு புறமாக விலக்கிவிட்டு, கல்லை வைத்த பின்னர் அதன் ஓரத்தில் விட்டால், அது தானாகவே உள்ளே போய்விடும். அன்று நம் பிள்ளைகள் இருவரும் கல்லைப் பிடித்துக்கொள்ள, தோட்டத்துச் சிறுவன் அவ்வாறே செய்தான்.